அம்மாவை உள்ளே விடாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் கடிகாரம் சுவருக்கு அழகு. நேரம் சொல்லும் வேலை சங்குக்கு.

ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அம்மா தையல் வேலை பார்த்தாள். காலையில் முதல் சங்கு ஊதும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் எல்லோரும் ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது சங்கு ஊதும்போது தெருவில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். மத்தியானம் ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு. அம்மாவுக்குப் பசி எடுப்பதுகூட சங்கைக் கேட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது என்பதால் அன்றைக்கு எங்கள் சாப்பாட்டுக்கு நேரங்காலம் கிடையாது. நான் பசி பசி என்று கத்தினால், "இன்னாடி அவசரம், இப்பத்தான விடிஞ்சிது" என்பாள். மணி இரண்டாகியிருக்கும்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். புதுப் பாவாடை போட்டுக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய கேட்டுக்குள் நுழைவது எனக்குத் தீபாவளியைவிடப் பெரிய விஷயம். கூரை உயரமான ஒரு கூடம். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அம்மாவின் மிஷின் அவள் வரிசையில் கடைசி. அவள் தலைக்கு மேலே சுவரில் அந்த வரிசைக்கான மெயின் சுவிட்ச். எப்போதோ ஒரு முறை யாரோ மோட்டாரை ஓடவிட்டுப் போய் ஒரு கட்டுத் துணி கருகிப்போனதாம். அதிலிருந்து, சாயங்காலச் சங்கு ஊதியதும் மெயினை அணைக்கிற பொறுப்பு அம்மாவுடையது. "உங்கம்மா கை வெச்சாத்தான்டி இந்த லைனே நிக்கும்" என்று பக்கத்து மிஷின்காரி ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளியது நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையில் கொடுத்த பொரியைக்கூடச் சாப்பிட மறந்தேன்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, ஓய்வும் பெற்று, பட்டாபிராமில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டாள். சாயங்காலம் கடல்காற்று ஏறினால் சங்குச் சத்தம் அங்கே வரைக்கும் வரும் என்பாள். எனக்கு ஒரு நாளும் சரியாகக் கேட்டதில்லை. ரயில் சத்தம்தான் கேட்கும். "உனுக்கு காது எங்க கீது, எல்லாம் வாய்தான்" என்பாள்.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டுக்கும் சுவரில் ஒரே சுவிட்ச். கம்ப்யூட்டர் நான் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. கல்யாணமாகி வானகரத்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனேன். அதில் வைரஸ் வந்து வந்து நான் நொந்துபோய், ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தைப் போட்டேன். ஆன் செய்ததும் மூலையில் அதன் சின்னமாகக் குண்டாக ஒரு பென்குயின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா அதற்குப் பென்குயின் என்றே பெயர் வைத்துவிட்டாள். "பென்குயின தொடச்சேன்", "பென்குயினு இன்னிக்கி சூடா கீது" என்று வீட்டு ஆள் மாதிரிதான் பேசுவாள்.

சும்மா பேச்சுக்கு இல்லை. அது அவள் தொழிலுக்கு வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் பிறகு தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். கழுத்து டிசைன், கை டிசைன் எல்லாம் படம் படமாக அதில் சேர்த்து வைத்திருப்பாள். ஒரு கல்யாண வீட்டு ஜனம் வந்தால் திரையைச் சுற்றி நின்றுகொண்டு, இந்தக் கழுத்து எனக்கு, அந்தக் கை உனக்கு என்று ஒரே இரைச்சலாக இருக்கும். ஃபோனில் காட்டேன் என்றால், "இத்துனூண்டுல இன்னாத்த பாப்பாங்க" என்பாள். அளவு எடுத்தால் எழுதி வைக்க மாட்டாள். டேப்பை ஒரு சுற்று சுற்றி எடுத்தால் போதும், மனசில் பதிந்துவிடும். தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

போன பங்குனியில் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"கண்ணு, உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சினு தெர்ல. கொஞ்ச நாளா அடுப்பே பத்த வெக்க மாட்டேன்றாங்க. தள்ளு வண்டி இட்லிய வாங்கி துன்னுகினு கீறாங்க. கேட்டா கேஸ் இல்லன்றாங்க. சிலிண்டரு வந்து எறக்கனத என் கண்ணால பாத்தேனே. தைக்கவும் மாட்டேன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்சிட்டாங்க. இன்னா ஏதுனு வந்து பாரு."

சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதங்கள். பங்குனியில் துணியைத் திருப்பி அனுப்புகிற தையல்காரி உலகத்தில் உண்டா? மறுநாளே லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பூந்தமல்லி வழியாக ஆவடி சாலையைப் பிடித்துப் போகும்போது, வழி முழுக்க என்னென்னவோ நோயாக யோசித்துக்கொண்டே போனேன். சர்க்கரை, பிரஷர், இதயம். உண்மையில் என்ன என்பது மட்டும் என் பட்டியலில் இல்லை.

வாசலில் வண்டியை நிறுத்தும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ ஃபோனில் பேசுகிறாள் என்று நினைத்து ஜன்னலோரம் நின்றேன்.

"மொதல்ல அரக்கோணத்துக்காரி. அப்பால மூக்குத்தி. அப்பால ரெட்ட ஜடை. கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால... கண்ணாடிக்கு அப்பால..."

பேச்சு நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அரக்கோணத்துக்காரி, மூக்குத்தி, ரெட்டை ஜடை. நான் உள்ளே நுழைந்தேன். ஃபோன் அலமாரி மேல் இருந்தது. அம்மா தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மிஷின் மேல் பழைய புடவை போர்த்தியிருந்தது, அதன் மேல் தூசி.

"இன்னாடி சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற?" என்றாள்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. எங்கள் அம்மாவின் அடுப்பு பளபளவென்று இருந்து நான் பார்த்ததில்லை. பால் பொங்கிய கறை அதன் நிரந்தர அடையாளம். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தது.

"கேஸ் இல்லையா?"

"வெக்கையா கீதுனு சமைக்கல. அதுக்கு இன்னா இப்ப?"

"பங்குனியில வெக்கையா இல்லாம பனியா கொட்டும்? தைக்கவும் மாட்டேன்னியாமே?"

"கண்ணு வலிக்குது."

"சரி, கம்ப்யூட்டர ஆன் பண்ணு. எனக்கு ஒரு கழுத்து டிசைன் பாக்கணும்."

அவளை வம்புக்கிழுத்து வாயைப் பிடுங்கத்தான் அப்படிச் சொன்னேன். அம்மாவின் முகம் பேயறைந்தது போல ஆனது. "அத்த தொடாத" என்றாள். நான் தொட்டேன். அவள் மிஷின் மேல் போர்த்திய புடவையின் முனையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அது என்ன உள்ள உட மாட்டேன்து" என்றாள். "பாஸ்வேர்டு மறந்துட்டேன்டி."

இவ்வளவுதானா என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது, "எங்கக்காவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது."

பெரியம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். திருநின்றவூரில் தன் வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் ஊடு?" என்று கேட்டு நின்றது முதல் அடையாளம். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, சுவரெல்லாம் கரியாகி, தெருவே திரண்டு அணைத்தது. கடைசியில் அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். தன் தங்கையை யாரென்று தெரியாமலே பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். அம்மா அன்றைக்கு அழவில்லை. "எனுக்கு இப்டி வந்தா என்ன உன் ஊட்டுக்கு இட்டுகினு போவாத" என்று மட்டும் சொன்னாள். அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எல்லாம் புரிந்தது. அடுப்பைப் பற்ற வைக்காதது, துணியைத் திருப்பியது, வரிசை வரிசையாகத் தோழிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் தன் வரிசையில் இருந்தவர்களை மறந்துவிட்டேனா என்று தனக்குத் தானே பரீட்சை வைத்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை என்பதற்காக என் அம்மா தன் மூளையையே சந்தேகப்பட்டு, தனியாக, இந்த இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் கோளாறு என்று ஃபோன் செய்பவர்களுக்குப் பதில் சொல்வது என் பிழைப்பு. பதறாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் தேனாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், பொறுமை மருந்துக்குக்கூட மிச்சம் இருக்காது. அன்றைக்கு மட்டும் இருப்பதை எல்லாம் கூட்டிப் பெருக்கிச் சேர்த்துக்கொண்டு, "பாஸ்வேர்டு என்னான்னு நெனைக்கிற, சொல்லு" என்றேன்.

பென்குயின் என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் தொழிற்சாலையில் வருகைக்காகப் பலகையில் மாட்டுகிற அவளுடைய டோக்கனின் நம்பர். அதைத் தட்டினேன். திரை கறுத்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து மறுபடியும் அதே உள்நுழையும் பக்கம், அதே காலிக் கட்டம், ஒன்றுமே நடக்காதது போல.

எனக்கு அப்படியே கூத்தாட வேண்டும் போல இருந்தது. "அம்மா! என்னையும் வெளிய தள்ளிடுச்சு!"

"நான் சொன்னதத்தான நீ அட்ச்ச? நான் தப்பா சொல்லிருந்தா நீயும் தப்பாத்தான் அட்ச்சிருப்ப" என்றாள். பயந்துபோயிருந்தாலும் அவள் லாஜிக் பயப்படவில்லை.

"சரி, இங்க வந்து குந்து. இப்ப வேணும்னே தப்பா அடி."

"எதுக்கு?"

"அடின்றேன்ல."

அவள் விரலைத் தூக்கிக்கொண்டு போய் எதையோ நாலைந்து தட்டினாள். கட்டத்துக்குக் கீழே உடனே ஒரு வரி வந்தது. பாஸ்வேர்டு தவறு, மறுபடியும் முயலவும். திரை கறுக்கவில்லை. "இப்ப உன் பாஸ்வேர்ட அடி." அடித்தாள். எந்த வரியும் வரவில்லை. திரை கறுத்தது, திரும்பி வந்தது.

"பாத்தியா? தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லுது. உன்னுத அடிச்சா தப்புன்னு சொல்லல. உள்ள கூட்டிட்டுப் போயிட்டு வெளிய அனுப்புது. ரெண்டும் வேற."

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். மறுபடி தப்பாக அடித்தாள். மறுபடி சரியாக அடித்தாள். துணியை இழுத்து இழுத்துத் தையல் நிற்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி. "நீ என்ன சமாதானம் பண்றதுக்கு சொல்ற" என்றாள் கடைசியில். ஆனால் குரலில் ஒரு சின்ன இடம் விட்டிருந்தது.

லினக்ஸில் ஒரு வசதி. அழகான முகப்பு வேலை செய்யாவிட்டாலும் பின்பக்கமாக ஒரு வாசல் உண்டு. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் படம் எல்லாம் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரும். அங்கேயும் பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். அங்கே உள்ளே விட்டால் பாஸ்வேர்டு சரி என்று அர்த்தம், வேறு பேச்சே இல்லை. அதைத் திறந்து அம்மா முன்னால் விசைப்பலகையைத் தள்ளினேன். பெயரை அடித்தாள். பாஸ்வேர்டை ஆரம்பித்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"எய்த்தே வர்ல. புள்ளி கூட வர்ல. மெய்யாலுமே அடிக்கிறேனா இல்லியானு தெர்ல."

"இங்க அப்படித்தான் வராது. நீ பாட்டுக்கு அடி."

உதட்டை அசைத்துக்கொண்டே அடித்தாள். எண்களை வாய்விட்டுச் சொன்னாள், வாசலில் டோக்கன் நம்பர் சொல்கிற மாதிரியே. என்டர் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. வரவேற்பு வரி ஒன்று ஓடியது, அதற்குக் கீழே அவள் பெயர், பக்கத்தில் மின்னுகிற ஒரு கட்டம். என்ன வேண்டும், சொல் என்று அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"கண்ணத் தொறம்மா. உள்ள இருக்க நீ."

அவள் திறந்து பார்த்தாள். தன் பெயரை விரலால் தொட்டாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப இன்னாத்துக்கு இம்மா நாளா என்ன இந்தப் பாடு பட்த்துச்சி?"

நியாயமான கேள்வி. அந்தக் கறுப்புத் திரையிலேயே, காலியாக ஒரு ஃபைல் உருவாக்கு என்று ஒரு வரி அடித்தேன். முடியாது, இங்கே படிக்கத்தான் முடியும், எழுத முடியாது என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுதிவைக்கிற வட்டு, அந்த ஹார்ட் டிஸ்க், அடிபட்டிருந்தது. தனக்கு அடிபட்டது தெரிந்தால் லினக்ஸ் எல்லாவற்றையும் பூட்டிக்கொள்ளும், இருப்பதும் கெட்டுப்போகாமல் இருக்க. ஆனால் ஒருவர் உள்ளே வரும்போது அவர் வந்தார் என்று சின்னதாக ஏதாவது எழுதிக்கொண்டால்தான் திரையைத் திறக்கும். எழுத இடமில்லை, அதனால் வந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேட்டுல வாட்ச்மேனுக்கு என்ன தெரியுது, போம்மான்றான். உள்ள டோக்கன் மாட்ட போர்டு இல்ல. போர்டு இல்லாம மிஷின்ல குந்த முடியாது, அதுனால ஊட்டுக்கு அனுப்சிட்றான். அவ்ளோதான?"

அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் படம் எல்லாம் போடுகிறேன்.

அணைத்து மறுபடி ஆன் செய்து, ஆரம்பத்திலேயே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, வட்டைச் சோதிக்கிற இடத்துக்குப் போனேன். அது அடிபட்ட இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, சரி செய்யட்டுமா, சரி செய்யட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்பதற்கு ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்ல வழி இருக்கிறது. நான் சொல்லவில்லை. அம்மா தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். "ஒண்ணொண்ணுத்துக்கும் பர்மிஷன் கேக்குது, நல்ல புள்ள" என்று தட்டிக்கொண்டே போனாள்.

"எப்டி அடிபட்டுது?" என்று நடுவில் கேட்டாள்.

"ஓடிட்டிருக்கும்போது திடீர்னு கரண்ட் போனா இப்படி ஆகும். இங்க அடிக்கடி போவுதா?"

"இப்பல்லாம் எங்க போவுது?"

எனக்கும் அது புதிராகவே இருந்தது. வட்டுக்கு வயசாகிவிட்டது போல என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. பென்குயின் வந்தது. அம்மா பாஸ்வேர்டை அடித்தாள், திரை கறுத்தது. பிறகு திறந்தது. முழுத் திரைக்கும் அந்தப் பழைய புகைப்படம். ஓர் ஆயுத பூஜைக்கு எடுத்தது. மிஷின்களுக்குப் பின்னால் அம்மாவின் வரிசைப் பெண்கள் எல்லோரும் பூவும் சிரிப்புமாக நிற்கிறார்கள். கடைசியில் அம்மா, அவள் இடுப்புக்குக் கீழே பல்லில்லாத ஒரு வாயுடன் நான்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். விரலை வைத்து எண்ணினாள். "அரக்கோணத்துக்காரி. மூக்குத்தி. ரெட்ட ஜடை. கண்ணாடி." விரல் அங்கேயே நின்றது. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், மஞ்சள் புடவை, லேசாகத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"இவ யார்றி?" என்றாள் அம்மா.

எனக்கு எப்படித் தெரியும்? "யோசிச்சுப் பாரும்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் யோசித்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சற்றுமுன் வந்த வெளிச்சம் எல்லாம் முகத்திலிருந்து வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "மூஞ்ச பாத்தும் தெரியலியே" என்று மெதுவாகச் சொன்னாள். "பென்குயினு நல்லா ஆயிட்சி. நான்தான்..."

பாஸ்வேர்டுக்கு நிரூபணம் காட்டலாம். ஒரு முகத்துக்கு என்ன காட்டுவது? எல்லாருக்கும் மறக்கும் அம்மா, வயசானால் அப்படித்தான் என்று ஏதோ உளறினேன். அவள் தலையை ஆட்டினாள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக. வெளியே வெயில் இறங்கியிருந்தது. கதவு வழியாக முதல் கடல்காற்று வந்து மிஷின் மேல் இருந்த புடவையைத் தூக்கியது.

அப்போது அம்மா எழுந்தாள். எழும்போதே இடது கை முந்தானையை இடுப்பில் செருகியது. வலது கை, பார்க்காமலே, சுவரில் இருந்த சுவிட்சை நோக்கிப் போய் டக்கென்று அணைத்தது.

திரை செத்தது. கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து சரி செய்த வட்டு, ஓடிக்கொண்டிருந்தபடியே மூச்சை விட்டது.

"அம்மா!" நான் அலறியதில் பக்கத்து வீட்டு அக்காவே எட்டிப் பார்த்திருப்பார். "என்ன பண்ண நீ?"

"இன்னா பண்ணேன்?" என்றாள் அவள், நிஜமாகவே தெரியாமல். "சங்கு ஊதிட்சில்ல."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகு, ரொம்பத் தூரத்தில், ஆவடிப் பக்கமிருந்து, அடங்கப்போகிற ஒரு நீளமான சத்தம். இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

"தினமும் இப்படித்தான் ஆஃப் பண்றியா?"

"பின்ன? சங்கு ஊதினா மெயின ஆஃப் பண்ணணும்ல?" சொல்லி முடித்த பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் சுவிட்ச் மேலேயே இருந்தது.

"நான் சொல்லிக் குடுத்தேனே, மெனுவுல போயி, ஷட் டவுனு..."

"அத்தத்தான் பண்ணுவேன். தைச்சிகினு கீறப்ப சங்கு ஊதினா..." அவள் நிறுத்தினாள். "கை தானா போவுதுடி."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொழிற்சாலைப் பழக்கத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும், டிசைன் படம் திறந்திருக்க, மிஷின் ஓடிக்கொண்டிருக்க, எங்கோ ஆவடியில் சங்கு ஊதியதும் என் அம்மா இங்கே பட்டாபிராமில் தன் வரிசையை நிறுத்தியிருக்கிறாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், பாவம் பென்குயின் என்ன செய்யும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மறதியா உனக்கு? ஐயோ அம்மா! நீ ஒண்ணையும் மறக்கல. மறக்காததாலதான் அது கெட்டுச்சு. கொஞ்சம் மறந்து தொலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்!"

அம்மா கையையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தபோது அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக் கூடத்தில் தோழிகளுக்கு நடுவில் சிரித்த அந்தப் பழைய சிரிப்பு. ரொம்ப நாள் கேட்காமல் இருந்தேன் என்பது கேட்டபோதுதான் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் முனகியது, கொஞ்சம் யோசித்தது, தன்னைத் தானே ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு எழுந்தது. கட்டம் வந்தது. "நீ வாம்மா" என்றேன். நின்றபடியே, குனிந்து, வேகமாக அடித்தாள். திறந்தது. மறுபடியும் அந்த வரிசை, அந்த மஞ்சள் புடவை.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "போவுது உடு. யாரோ. நல்லாத்தான் கீறா" என்றாள்.

பிறகு சமையலறைக்குள் போனாள். நான் எழுந்து பின்னால் போகவில்லை. போகக்கூடாது என்று தோன்றியது. சிலிண்டர் வால்வு திரும்புகிற சத்தம் கேட்டது. லைட்டரை ஒரு முறை தட்டினாள், பிடிக்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். குப்பென்று அடுப்பு பற்றிக்கொண்டது. பால் பாத்திரம் அதன் மேல் உட்கார்ந்தது.

"நான் வேணா வந்து பாத்துக்கவாம்மா?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"நீ கம்முனு அந்த பென்குயின பாத்துகினு குந்து" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "என் அடுப்ப நான் பாத்துக்கறேன்."